கடிக்கும் தாடை சட்டென்று நிற்பது எப்படி? மூளைத்தண்டுக்குள் குடியிருக்கும் உணர்வு நரம்பு செல்களைப் பற்றி

கேள்வி இது: தொடுவதையும் இழுபடுவதையும் உணரும் நரம்பு செல்களின் உடல் பகுதி மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே, நரம்பு முடிச்சுகளில் இருக்கிறது என்று படிக்கிறோம். தாடைத் தசைகளுக்கு மட்டும் அவை மூளைத்தண்டுக்குள்ளேயே இருப்பதாகப் பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. ஏன் அப்படி? தாடையின் அனிச்சைச் செயல்களில் அவற்றுக்கு என்ன வேலை?

நல்ல கேள்வி. அந்த ஒரு வரிக்குள் நிறைய விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இரண்டு கன்னங்களிலும், காது மடலுக்குக் கீழே தாடை எலும்பு வளைகிற இடத்துக்குச் சற்று முன்னால் விரல் நுனிகளை வையுங்கள். பல்லைக் கடியுங்கள். விரலுக்கடியில் ஒரு கட்டி புடைத்து எழுகிறதல்லவா? அதுதான் மாசெட்டர் தசை. விரலை நெற்றிப்பொட்டுக்கு நகர்த்தி மறுபடி கடித்துப் பாருங்கள். அங்கேயும் ஒன்று இறுகும். விசிறி மாதிரி விரிந்த அந்தத் தசையின் பெயர் டெம்போராலிஸ். தாடை எலும்பின் உட்புறத்தில், விரலுக்கு எட்டாத இடத்தில், மீடியல் டெரிகாய்டு என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. பக்கத்துக்கு மூன்றாக இந்தத் தசைகள்தான் வாயை மூடுகின்றன, கடிக்கின்றன, மெல்லுகின்றன.

இப்போது கடியைத் தளர்த்துங்கள். உதடு மூடியிருக்கும், ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்காது. இடையில் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். தாடை தொங்கவும் இல்லை, கடித்துக்கொண்டும் இல்லை. ஓடும்போது காலடி தரையில் படுகிற ஒவ்வொரு முறையும் தாடை கொஞ்சம் கீழே இறங்கப் பார்க்கும். உடனே மேலே இழுபட்டுப் பழைய இடத்துக்கு வந்துவிடும். தசைகளுக்கும் நார்களுக்கும் இயல்பாக உள்ள மீள்தன்மைக்கு இதில் பங்கு உண்டு. மீதியைச் செய்வது நீங்கள் கேட்ட அந்த நரம்பு செல்கள்.

செய்தி கிளம்புகிற இடம் தசைக்கதிர். நடுவில் பருத்து, இரு முனையிலும் ஒடுங்கி, நூல் சுற்றிய கதிர் போல இருப்பதால் அந்தப் பெயர். சில மில்லிமீட்டர் நீளம்தான். உறைக்குள் சில மெல்லிய தசை இழைகள். அவற்றின் நடுப்பகுதியைச் சுருள் போலச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு நுனி. தசை நீண்டால் சுருளும் இழுபடும். அப்போது அதன் சவ்வில் உள்ள அயனி வாயில்கள் திறந்து மின்துடிப்பு கிளம்புகிறது. இழுவையை மின்சாரமாக மாற்றுகிற முக்கியமான வாயில் பீசோ2 என்ற புரதம். பீசோ புரதங்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் படாபூட்டியன் 2021ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வாயை மூடும் தசைகளில் இந்தக் கதிர்கள் நிறைய இருக்கின்றன. குறிப்பாக மாசெட்டரில் உள்ளவை பெரியவை. ஒரே உறைக்குள் பல இழைகள் அடைந்து கிடக்கும். ஆனால் வாயைத் திறக்கும் தசைகளில், உதாரணமாக மோவாய்க்குக் கீழே இருக்கும் டைகாஸ்ட்ரிக்கில், தசைக்கதிர் இல்லை என்றே சொல்லலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, துடிப்பு எங்கே போகிறது? காலிலோ கையிலோ என்றால் விடை எளிது. உணர்வு நரம்பு செல்லின் உடல் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் உள்ள முடிச்சில் இருக்கும். முகத்துக்கும் அப்படி ஒரு முடிச்சு உண்டு. ஐந்தாவது மூளை நரம்பான முக்கிளை நரம்பு, அதாவது ட்ரைஜெமினல் நரம்பு, மூளைத்தண்டுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள ஒரு குழியில் அது உட்கார்ந்திருக்கிறது. முகத்தின் தொடுதல், வலி, சூடு, குளிர் எல்லாவற்றுக்குமான செல்கள் அதில்தான் இருக்கின்றன. தசைக்கதிரிலிருந்து வருகிற இழையோ அந்த முடிச்சில் நிற்பதில்லை. பெரும்பாலும், தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் இயக்க வேரோடு சேர்ந்து, மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸுக்குள் நேராக நுழைந்து, அங்கிருந்து மேலே ஏறி மூளைத்தண்டின் மேல்பகுதியான நடுமூளை வரை போகிறது. செல்லின் உடல் அங்கே இருக்கிறது. அந்தச் செல்களின் கூட்டத்துக்குத்தான் மீசென்செஃபாலிக் ட்ரைஜெமினல் நியூக்ளியஸ் என்று பெயர். இங்கே சுருக்கமாக நடுமூளைக் கரு என்று வைத்துக்கொள்வோம்.

கரு என்றதும் உருண்டையாக ஒரு கட்டியைக் கற்பனை செய்ய வேண்டாம். நடுமூளையின் மையத்தில் மூளைநீர் ஓடுகிற ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் பகுதி. அந்தச் சாம்பல் பகுதியின் வெளி ஓரத்தை ஒட்டி, நடுமூளையின் மேற்பகுதியிலிருந்து பான்ஸின் மேற்பகுதி வரை, ஒரு கோடு இழுத்தது போல இந்தச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. சாயம் ஏற்றிய ஒரு சீவலை நுண்ணோக்கியில் பார்த்தால் தேட வேண்டிய அவசியமே இருக்காது. சுற்றியிருக்கும் செல்கள் எல்லாம் சிறியவை, கூரான மூலைகளும் கிளைகளும் கொண்டவை. இவை மட்டும் பெரிதாக, மழமழவென்று உருண்டையாக, பெரும்பாலும் கிளையே இல்லாமல், இரண்டு மூன்றாக ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். தண்டுவடத்தின் அருகில் உள்ள முடிச்சில் எப்படி இருக்குமோ அப்படியே. வெளியே இருக்க வேண்டிய ஒன்று உள்ளே வந்து தங்கியிருப்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இவை உணர்வு செல்களா, இயக்க செல்களா என்று வெகுகாலம் விவாதம் நடந்தது. மூளைக்குள் இருப்பதால் இயக்க செல்களாகத்தான் இருக்கும் என்று நினைத்தவர்கள் உண்டு. 1940இல் கார்பினும் ஹாரிசனும் இந்தப் பகுதியில் மின்முனையை வைத்து, தாடைத் தசை இழுபடும்போதும் பல் அழுத்தப்படும்போதும் துடிப்புகள் வருவதைப் பதிவு செய்தார்கள். 1948இல் ஹங்கேரிய உடற்கூற்றியலாளர் ஸென்டாகோதாய், இந்தச் செல்களின் இழைகள் தாடைத் தசைகளை இயக்கும் செல்களிடம் நேரடியாகப் போய் முடிவதைக் காட்டினார். நடுவில் வேறு செல் எதுவும் இல்லை. ஒரே ஒரு சினாப்ஸ், அதாவது ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் செய்தியைக் கைமாற்றும் சந்திப்பு, மட்டும் கொண்ட அனிச்சைச் செயலுக்கு உடற்கூற்றியல் சான்றாக இன்றும் அந்த வேலை மதிக்கப்படுகிறது.

ஆக, சுற்று இப்படி அமைகிறது. தாடை இறங்குகிறது, மாசெட்டர் நீள்கிறது, தசைக்கதிர் துடிப்பை அனுப்புகிறது. அந்தத் துடிப்பு இழை வழியே மூளைத்தண்டுக்குள் வந்து, பான்ஸில் இருக்கும் முக்கிளை இயக்கக் கருவுக்குக் கிளை வழியே போகிறது. அங்குள்ள இயக்க செல் தூண்டப்பட்டு மாசெட்டரைச் சுருக்குகிறது. முழங்காலில் தட்டினால் கால் உதறுகிறதே, அதே ஏற்பாடு. தூரம் மட்டும் குறைவு. முழங்கால் அனிச்சையில் தொடைத் தசையில் மின் பதில் வர ஏறத்தாழ 20 மில்லிவினாடி ஆகும். தாடையில் 7 முதல் 9 மில்லிவினாடிக்குள் வந்துவிடும்.

மருத்துவர்கள் இதைச் சோதிக்கும் விதம் மிக எளிமையானது. நோயாளியை வாயைச் சற்றே திறந்து, தாடையைத் தளர்வாக விடச் சொல்வார்கள். மோவாயில் தன் விரலை வைத்து, அந்த விரல்மேல் சுத்தியலால் கீழ்நோக்கி லேசாகத் தட்டுவார்கள். ஆரோக்கியமான பலருக்குத் தாடை மிகக் கொஞ்சமே மேலே எழும். சிலருக்கு எதுவும் தெரியாது. இரண்டும் இயல்புதான். தாடை வெடுக்கென்று மூடினால் யோசிக்க வேண்டும். மேல்மூளையிலிருந்து இறங்கும் கட்டுப்பாட்டு வழிகள் பான்ஸுக்கு மேலே எங்கோ பழுதுபட்டிருக்கின்றன என்பதற்கான அடையாளம் அது. கை கால்களின் அனிச்சைகள் எல்லாம் மிகையாக இருந்து, தாடை மட்டும் இயல்பாக இருந்தால் பழுது கழுத்துத் தண்டுவடத்தில் இருக்கலாம். தாடையும் சேர்ந்து துள்ளினால் அதற்கு மேலே தேட வேண்டும். இயக்க நரம்பு செல் நோய் என்ற சந்தேகம் வரும்போது இந்தச் சிறு தட்டு நிறையவே சொல்லிவிடும். விலை உயர்ந்த கருவிகள் எத்தனை வந்தாலும் இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது திறக்கும் தசைகளுக்கு வருவோம். முழங்கையில் ஒரு தசை இழுபட்டால் அது சுருங்கும்; எதிர்த் தசை தளரும். இரு பக்கமும் தசைக்கதிர்கள் இருப்பதால் ஏற்பாடு சமமாக இருக்கும். தாடையில் அந்தச் சமம் கிடையாது. திறக்கும் பக்கத்தில் கதிர்கள் இல்லாததால், மூடும் தசைகளைத் தளர்த்தச் சொல்லும் செய்தி அங்கிருந்து வராது. அப்படியானால் கடிப்பதை நிறுத்தச் சொல்வது யார்? பல், ஈறு, நாக்கு, உதடு, கன்னத்தின் உட்பக்கம் இவையெல்லாம்தான். தாடையில் தசைக்கதிர் வேலையைத் தொடங்கிவைக்கிறது, வலுவூட்டுகிறது. நிறுத்துகிற பொறுப்பில் பெரும்பங்கு வாய்க்குள் இருக்கும் மற்ற உணர்விகளிடம் இருக்கிறது.

அவற்றில் பல் தனியாகப் பேசவேண்டிய விஷயம். பல்லின் வேர் எலும்பில் நேரடியாக ஒட்டியிருக்கவில்லை. நடுவில் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல் அந்தப் படலத்தில் தொட்டில் போலத் தொங்குகிறது. கடிக்கும்போது பல் இம்மி அளவு நகரும். அந்த நகர்வை உணரும் நரம்பு நுனிகள் படலத்துக்குள் இருக்கின்றன. ஒரு தலைமுடி பல்லிடையில் சிக்கினால் உடனே தெரிகிறதே, அது இவற்றால்தான். சுமார் 20 மைக்ரான் தடிமனுள்ள தகட்டைக்கூட இயற்கைப் பற்களுக்கு நடுவில் உணர முடியும். எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்ப் பல்லுக்கு அந்தப் படலம் கிடையாது. அதனால் அங்கே உணர்வதற்குத் தகடு இரண்டு மூன்று மடங்கு தடிமனாக இருக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பல் உணர்விகளின் செல் உடல்கள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. பெரும்பகுதி வெளியே உள்ள முக்கிளை முடிச்சில். இன்னொரு பகுதி தசைக்கதிர்களோடு சேர்ந்து நடுமூளைக் கருவில். பூனைகளில் பார்த்தபோது, நடுமூளைக் கருவைச் சேர்ந்த நுனிகள் வேரின் அடிமுனையைச் சுற்றிக் குவிந்திருந்தன. முடிச்சைச் சேர்ந்தவை வேரின் நடுப்பகுதி வரை பரவியிருந்தன. ஒரே பல், ஒரே படலம். ஆனால் செய்தி இரண்டு வாசல்கள் வழியாக உள்ளே போகிறது.

பல்லை எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பது மட்டும் முக்கியமில்லை, எவ்வளவு வேகமாக என்பதும் முக்கியம். மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்தது. முன்பல்லை மெதுவாக அழுத்தினால் மூடும் தசைகள் இன்னும் கொஞ்சம் இறுகுகின்றன. அதே பல்லில் சட்டென்று தட்டினால் அவை நொடிப்பொழுது அடங்கிப் போகின்றன. யோசித்துப் பார்த்தால் இதில் நல்ல நியாயம் இருக்கிறது. மென்மையான உணவை நசுக்கும்போது அழுத்தம் படிப்படியாக ஏறும். இன்னும் அழுத்து என்பதுதான் அதற்குச் சரியான பதில். உணவுக்குள் ஒரு சிறு கல் இருந்தால் அழுத்தம் திடீரென்று எகிறும். அப்போது நிறுத்து என்பதுதான் சரி. கல் என்று உங்கள் மனதுக்குத் தெரிவதற்குள் தாடை நின்றிருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு சூழ்நிலை எனக்கு மிகவும் பிடித்தது. கடினமான ஒரு கொட்டையைக் கடைவாயில் வைத்துக் கடிக்கிறீர்கள். பலத்தைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். கடைவாயில் மனிதரால் 500 நியூட்டனுக்கு மேல், அதாவது 50 கிலோ எடையைத் தாங்கும் அளவுக்குக் கடிக்க முடியும். திடீரென்று கொட்டை உடைகிறது. எதிர்ப்பு ஒரே கணத்தில் காணாமல் போகிறது. அத்தனை பலமும் கீழ்ப்பல்லை மேல்பல்லின் மீது மோத வைத்திருக்க வேண்டும். ஆனால் மோதுவதில்லை. தாடை சில மில்லிமீட்டர் நகர்ந்து நின்றுவிடுகிறது.

பல பாடநூல்கள் இதை முழுக்க அனிச்சைச் செயலின் கணக்கில் எழுதிவிடுகின்றன. கொட்டை உடைந்ததும் தசை சட்டென்று குறுகுகிறது, தசைக்கதிர்கள் தளர்ந்து துடிப்பை நிறுத்துகின்றன, நடுமூளைக் கருவிலிருந்து வந்துகொண்டிருந்த தூண்டல் அறுபடுகிறது, மூடும் தசைகளின் மின் செயல்பாட்டில் ஒரு மௌன இடைவெளி விழுகிறது. இதெல்லாம் உண்மை, பதிவுகளில் அந்த மௌனம் துல்லியமாகத் தெரியும். ஆனால் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். மௌனம் தொடங்கவே 10 முதல் 20 மில்லிவினாடி ஆகிறது. மின்சாரம் நின்றாலும் தசையின் இழுவிசை உடனே விழாது. அதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். அதற்குள் பற்கள் மோதிவிடலாம். முதல் பிரேக்கைப் போடுவது தசையின் சொந்த இயல்புதான். வேகமாகக் குறுகும் தசையால் அதே பலத்தைக் கொடுக்க முடியாது, விசை தானாகவே சரியும். அதோடு, பலமாகக் கடிக்கும்போதே திறக்கும் தசைகளும் ஓரளவு இறுகியிருக்கும். அவை எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்துகின்றன. அனிச்சைச் செயல் அதற்குப் பின்னால் வந்து, தசை மறுபடி பலத்தைக் கூட்டாமல் பார்த்துக்கொள்கிறது. அனிச்சையின் பங்கு இதனால் சிறுத்துப் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நேரம் இருக்கிறது என்று புரிந்துகொண்டால் போதும்.

வலி வேறு பாதை. நாக்கைக் கடித்துக்கொண்டால் தாடை திறந்துகொள்கிறதே, அந்தச் செய்தி நடுமூளைக் கரு வழியாகப் போவதில்லை. வெளியே உள்ள முடிச்சு, பிறகு மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி வரை நீளும் முக்கிளை உணர்வுக் கரு, அங்கிருந்து இடைச் செல்கள், கடைசியில் இயக்கக் கரு. ஆங்கிலேய உடலியங்கியலாளர் ஷெரிங்டன் 1917இல் மேல்மூளையைத் துண்டித்த பூனைகளில் இந்தத் திறப்பு அனிச்சையை விவரித்தார். மனிதர்களில் திறக்கும் தசைகளைத் தூண்டுவதைவிட மூடும் தசைகளை அடக்குவதுதான் மேலோங்கித் தெரியும். கடித்துக்கொண்டிருக்கும்போது மோவாய்ப் பகுதி நரம்பைத் தூண்டினால் மாசெட்டரில் இரண்டு மௌனங்கள் வரும். முதலாவது 10 முதல் 15 மில்லிவினாடியில், இரண்டாவது 40 முதல் 50 மில்லிவினாடியில். இந்த அடக்கும் வேலையைச் செய்கிற இடைச் செல்களில் பல, இயக்கக் கருவுக்குப் பக்கத்திலேயே சுப்ராட்ரைஜெமினல் என்ற பகுதியில் இருக்கின்றன. டெட்டனஸ் நச்சு இப்படிப்பட்ட அடக்கும் செல்கள் கிளைசின், காபா என்ற அடக்கும் வேதிப்பொருள்களை வெளியிடுவதைத் தடுத்துவிடுகிறது. அதனால்தான் அந்த நோயில் வாய் பூட்டிக்கொள்கிறது. மாசெட்டரின் மௌனமும் மறைந்துபோகிறது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். செல் உடல் உள்ளே இருப்பதால் என்ன லாபம்?

வெளியே முடிச்சில் இருக்கும் உணர்வு செல்லின் உடலோடு வேறு எந்த நரம்பும் சினாப்ஸ் போடுவதில்லை என்பது பொதுவிதி. அது தனியாள். துடிப்பு நுனியில் பிறக்கிறது, இழை வழியே ஓடுகிறது, தண்டுவடத்தில் போய்ச் சேர்கிறது. உடல் பகுதி ஓரமாக உட்கார்ந்து செல்லுக்குத் தேவையான புரதங்களைத் தயாரித்துக் கொடுக்கிறது. மூளை அந்தச் செய்தியைத் திருத்த நினைத்தால் இழையின் கடைசி முனையில்தான் கை வைக்க முடியும்.

நடுமூளைக் கருவின் செல்களுக்கு அந்தத் தனிமை கிடையாது. அவற்றின் உடல்மீதே சினாப்ஸ்கள் உட்கார்ந்திருக்கின்றன. குளூட்டமேட், காபா, செரோட்டோனின், நார்அட்ரினலின், டோபமின், ஹிஸ்டமின் என்று பலவகை வேதிப்பொருள்கள் அவற்றின் வழியே வந்து சேர்கின்றன. விழிப்பு, பசி, பதற்றம் ஆகியவற்றோடு தொடர்புள்ள பகுதிகளிலிருந்து வரும் செய்திகள் அவை. அதாவது, இந்தச் செல் கேட்டதை அப்படியே ஒப்பிக்கும் தூதுவன் இல்லை. உடம்பின் நிலையைப் பார்த்துச் செய்தியின் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய இடத்தில் மூளை அதை வைத்திருக்கிறது. அனிச்சைச் செயலின் கட்டுப்பாடு வழக்கமாக இயக்க செல்லில்தான் நடக்கும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். தாடையில் அது உணர்வு செல்லிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தக் கருவைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அந்தச் செல்களின் சவ்வும் சும்மா இல்லை. மூடாமல் நீடிக்கும் ஒருவகை சோடியம் மின்னோட்டத்தால் அவற்றின் மின்னழுத்தம் சிறு சிறு அலைகளாக ஆடிக்கொண்டிருக்கும். சரியான தூண்டல் வந்தால் அந்த ஆட்டத்திலிருந்து துடிப்புகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பும். தசைக்கதிர் ஒன்றும் சொல்லாதபோதே செல் உடல் தானாகத் துடிப்பை உண்டாக்க முடியும் என்று இதற்கு அர்த்தம். முயல்களில் செய்த ஆய்வுகளில், மெல்லும் தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போது செல் உடல் ஒரு கதையும் மூளைத்தண்டுக்குள் இருக்கும் அதன் இழை வேறு கதையும் சொல்வது போலத் தெரிந்தது. ஒரே செல்லின் வெவ்வேறு பகுதிகள் தனித்தனி அலகுகளாக நடந்துகொள்கின்றன. காபா வந்து சேரும் கிளைகளில் துடிப்பு நடுவழியில் நின்றுவிடவும் கூடும்.

செல்கள் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்றேன் அல்லவா? அது வெறும் நெருக்கம் இல்லை. 1971இல் பேக்கரும் யினாஸும் எலிகளில் மின்முனை செலுத்திப் பார்த்தபோது, ஒரு செல்லின் மின்னழுத்தம் மாறினால் பக்கத்துச் செல்லிலும் அது எதிரொலித்தது. செல் உடல்களுக்கு நடுவே கனெக்சின்36 என்ற புரதத்தால் ஆன நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. வேதிப்பொருள் எதுவும் இல்லாமல் மின்னோட்டம் நேரடியாக அவற்றின் வழியே கசிகிறது. இரண்டு செல்களுக்கும் ஒரே நேரத்தில் தூண்டல் வந்தால் இரண்டும் சேர்ந்து துடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒன்றுக்கு மட்டும் வந்தால், பக்கத்துச் செல் அதன் மின்னோட்டத்தைக் கொஞ்சம் உறிஞ்சிவிடும். பல கதிர்கள் ஒரே குரலில் சொல்வதற்கு மதிப்பு கூடுகிறது, தனிக்குரல் அமுங்குகிறது.

இதெல்லாம் எதற்கு உதவும் என்பது மெல்லும்போது தெரியும். ஒரு காலத்தில் மெல்லுதல் என்பதே திறப்பு அனிச்சையும் மூடும் அனிச்சையும் மாறி மாறி வருவதுதான் என்று நினைத்தார்கள். 1971இல் டெல்லோவும் லண்டும் அதைப் புரட்டிப் போட்டார்கள். தசைகள் முற்றிலும் செயலிழக்க மருந்து கொடுத்த முயல்களில், தாடை அசையாமல் கிடந்தபோதும், மெல்லும் தாளம் நரம்புகளில் தொடர்ந்து வந்தது. தாளத்தை உண்டாக்குவது மூளைத்தண்டிலுள்ள ஒரு வலையமைப்பு. அனிச்சைச் செயல்கள் அந்தத் தாளத்துக்கு ஏற்ப அனுமதிக்கப்படுகின்றன, மறுக்கப்படுகின்றன.

எண்ணிப் பாருங்கள். வாயைத் திறக்கும்போது மாசெட்டர் நீள்கிறது. தசைக்கதிர் சும்மா இருக்காது, துடிப்பை அனுப்பும். நீட்சி அனிச்சை அப்படியே வேலை செய்தால் ஒவ்வொரு திறப்பையும் அது எதிர்க்கும், நம்மால் வாயைத் திறக்கவே முடியாமல் போகும். அதனால் திறக்கும் கட்டத்தில் மூடும் தசைகளின் இயக்க செல்கள் அடக்கி வைக்கப்படுகின்றன. மூடும் கட்டம் வந்ததும் கதவு திறக்கிறது. பல்லிடையில் உணவு அகப்பட்டு எதிர்ப்பு கூடினால், கதிரின் உள் இழைகளைச் சுருக்கி வைக்கும் காமா இயக்க செல்களின் உதவியால் தசைக்கதிர் இன்னும் உரக்கச் சொல்லும், கடி பலமாகும். ஒரே உணர்வு செல், ஒரே செய்தி. வினாடிக்கு ஒன்றிரண்டு முறை நடக்கும் இந்தச் சுற்றில் ஒரு பாதியில் அது தடுக்கப்படுகிறது, மறு பாதியில் வரவேற்கப்படுகிறது.

ஏன் உள்ளே வந்தது என்பதற்கு வளர்ச்சி வழியாகவும் பார்க்கலாம். கருப்பையில் வளரும் சிசுவின் மூளையில் முதன்முதலாகப் பிறக்கும் நரம்பு செல்களில் இவையும் சேர்த்தி. பரிணாமத்திலும் ஒரு தடயம் உண்டு. தாடை உள்ள முதுகெலும்பிகளில் இந்தக் கரு இருக்கிறது; தாடையே இல்லாத மீன்களான லாம்ப்ரேயிலும் ஹேக்மீனிலும் இல்லை. தாடையும் இதுவும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

இடையில் ஒரு எச்சரிக்கை. விழிப்போடு தொடர்புடைய லோகஸ் செருலியஸ் என்ற நார்அட்ரினலின் செல்கூட்டம் நடுமூளைக் கருவின் கீழ்ப்பகுதியை ஒட்டியே இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு, பல்வரிசையைச் சரிசெய்தால் கவனமும் நினைவாற்றலும் கூடும் என்றும், பல் நறநறப்பதற்கு முழுக் காரணம் இந்தக் கருதான் என்றும் சொல்பவர்களைப் பார்க்கலாம். இரண்டும் பக்கத்தில் இருப்பதும் அவற்றுக்கிடையே செய்திகள் போவதும் உண்மைதான். அதிலிருந்து ஒரு சிகிச்சைக்குத் தாவுவதை நான் ஏற்கமாட்டேன். அப்படி யாராவது விலை சொன்னால் பொறுமையாகக் கேள்வி கேளுங்கள்.

கடைசியாக, செல் உடல் உள்ளே இருப்பதன் பலன் நோயாளியிடமே தெரிகிற ஒரு இடத்தைச் சொல்கிறேன். உடம்பின் எதிர்ப்பாற்றல் தன்னுடைய உணர்வு நரம்பு முடிச்சுகளையே தாக்கும் நோய்கள் உண்டு. கண்ணையும் வாயையும் வறளச் செய்யும் ஷோகிரன் நோயில் சிலருக்கு அப்படி நேரும். முடிச்சுகளுக்கு மூளைக்கு இருப்பது போன்ற இரத்தத் தடுப்பு அரண் சரியாக இல்லாததால் அவை எளிதில் அகப்பட்டுக்கொள்கின்றன. நோயாளிக்குக் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது, கண்ணை மூடினால் தள்ளாடுவார், முழங்காலில் எத்தனை தட்டினாலும் பதில் இருக்காது. முகமும் மரத்துப் போயிருக்கலாம். மோவாய் நரம்பைத் தூண்டினால் மாசெட்டரில் வரவேண்டிய மௌனங்களும் வராமல் போகலாம். அதே நோயாளியின் மோவாயில் விரலை வைத்துத் தட்டினால் பலருக்குத் தாடை அனிச்சை அப்படியே இருக்கும், அதே 7, 8 மில்லிவினாடியில். அந்தச் செல்கள் முடிச்சில் இல்லை, அரணுக்கு உள்ளே இருக்கின்றன.